காலையில் எழவே முடியவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பள்ளி வேன் ஆறேகாலுக்கு வாசலில் நிற்கும். பினாங்கில் பாயான் லெப்பாஸ் பேக்டரி பஸ் அதற்கும் முன்னால். ஆகவே ஐந்துக்கோ ஐந்தரைக்கோ எழ வேண்டும். ஆனால் கோலாலம்பூரில் நவம்பர் தொடக்கத்தில்கூட 6.57க்குத்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். பிப்ரவரியில் அது 7.27 ஆகிவிடும். பினாங்கு இன்னும் மேற்கே இருப்பதால் அங்கே 7.35. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை சபா, சரவாக் நேரத்தோடு சேர்க்க அரை மணி முன்னால் தள்ளியதில் வந்த விளைவு இது. "விடிஞ்சும் தூங்குறான் பாரு" என்று இங்கே யாரையும் திட்ட முடியாது, விடியவே இல்லையே.

உங்கள் அறிகுறி எதுவோ நேராக அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், கிளினிக் கடைசியில். ஒரு மாற்றத்தைச் செய்தபின் ஐந்து வேலை நாள் விட்டுப் பாருங்கள். ஒரே நாளில் நான்கை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும்.

அதற்கு முன் ஒரு கணக்கு

எழ வேண்டிய நேரத்திலிருந்து ஏழரை மணி நேரம் பின்னால் எண்ணுங்கள். 5.20க்கு எழ வேண்டுமென்றால் இரவு 9.50க்கு விளக்கு அணைய வேண்டும். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து. நீங்கள் படுப்பதே பன்னிரண்டரைக்கு என்றால், கீழே உள்ள எந்த வைத்தியமும் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான். படுக்கும் நேரத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி முன்னால் இழுங்கள். ஒரே இரவில் மூன்று மணி நேரம் இழுத்தால் இருட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பீர்கள்.

கணக்கு சரியாக இருந்தும் எழ முடியவில்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

அறிகுறி: அலாரம் அடிக்கவே இல்லை

பாதி நேரம் அலாரம் அடித்துத்தான் இருக்கும், நீங்கள்தான் அணைத்திருப்பீர்கள். வீட்டில் வேறு யாருக்காவது கேட்டதா என்று விசாரியுங்கள். கேட்டது என்றால் இந்தப் பகுதியை விட்டு, கை தானாக அணைப்பதைச் சொல்லும் பகுதிக்குப் போங்கள். யாருக்குமே கேட்கவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

கைப்பேசி செத்துக் கிடந்ததா? நம் வீட்டு மூன்று கால் பிளக் சாக்கெட்டில் தனியாக ஒரு சுவிட்ச் உண்டு. சார்ஜரைச் செருகிவிட்டு அதைப் போட மறப்பதுதான் இந்த அறிகுறிக்கு முதல் காரணம். படுக்கும் முன் திரையில் சார்ஜ் ஏறும் குறி தெரிகிறதா என்று ஒரு முறை பாருங்கள். கைப்பேசி அணைந்து போனால் பெரும்பாலானவற்றில் அலாரம் அடிக்காது.

சுவிட்ச் போட்டும் சார்ஜ் ஏறவில்லையா? இரவு இடியில் இஎல்சிபி, அதாவது மின்கசிவு வந்தால் வீட்டு மின்சாரத்தைத் தானாக வெட்டும் சுவிட்ச், விழுந்திருக்கும். கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி மின்னலுக்குப் பஞ்சமில்லை. தூக்கிவிட்டால் நிற்கிறது என்றால் சரி. மழையே இல்லாத இரவிலும் விழுகிறது, அல்லது தூக்கியதும் திரும்ப விழுகிறது என்றால் அதைத் தொட்டுக்கொண்டே இருக்காதீர்கள். பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட வேண்டிய இடம் அது.

அலாரம் எந்த நாளுக்கு வைத்திருக்கிறது? "மீண்டும்" என்ற இடத்தில் கிழமைகள் தேர்வாகாவிட்டால் அது ஒரே ஒரு நாள் அடித்து ஓய்ந்துவிடும். காலை 5.30க்குப் பதிலாக மாலை 5.30 வைத்திருப்பதும் அடிக்கடி நடக்கிறது. கைப்பேசியை 24 மணி நேரக் கணக்குக்கு மாற்றிவிட்டால் இந்தத் தவறுக்கு இடமில்லை.

சென்னைக்கோ திருச்சிக்கோ போய்வந்த மறுநாளா? இந்திய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. நேரமண்டலத்தைத் தானாக மாற்றும் வசதி அணைந்திருந்தால் ஐந்தரை அலாரம் எட்டு மணிக்கு அடிக்கும். அமைப்புகளில் தேதி, நேரம் என்ற இடத்துக்குப் போய் அதைத் திறந்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டில் மட்டும் வரும் சிக்கல் இது. கடையில் இறக்கிய வேறு அலாரம் செயலி என்றால், பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று கைப்பேசி அதைத் தூங்க வைத்துவிடும். ஷாவ்மி, ஓப்போ, விவோ வகைகளில் இது அதிகம். அந்தச் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள், தானாகத் தொடங்கும் அனுமதியும் கொடுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் கைப்பேசியோடு வந்த கடிகாரச் செயலியையே வைத்துக்கொள்ளலாம். "தொந்தரவு செய்யாதே" நிலையில் அலாரத்துக்கு விலக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். முழு அமைதி நிலையில் அலாரமும் வாயை மூடிக்கொள்ளும்.

எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது, இன்னும் நம்ப முடியவில்லை என்றால், பேட்டரி போடும் பழைய மேசைக் கடிகாரம் ஒன்றை இரண்டாவது காவலாக வையுங்கள். அதற்கு மென்பொருள் புதுப்பிப்பு வராது.

அறிகுறி: அலாரம் அடித்தது, ஆனால் கேட்கவில்லை

முதலில் ஒலி அளவு. ஆண்ட்ராய்டில் அலாரத்துக்குத் தனி ஒலிக்கட்டை உண்டு. பாட்டின் ஒலியை ஏற்றினால் அலாரத்தின் ஒலி ஏறாது. ஐபோனில் அலாரம் மணியொலியின் அளவைப் பின்பற்றும். பகலில் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி அழுத்தி அதைக் குறைத்திருப்பீர்கள். ஒலி அமைப்பில் "பொத்தானால் மாற்று" என்பதை அணைத்துவிட்டால் அளவு அங்கேயே நிற்கும்.

அடுத்தது இடம். தலையணைக்கு அடியில் கிடக்கும் கைப்பேசியின் ஒலிபெருக்கியைப் பஞ்சு அடைத்துக்கொள்ளும். சுழல்கிற காற்றாடியும் பழைய ஏர்கோனும் போடும் சத்தம் மென்மையான அலாரத்தை விழுங்கிவிடும். கைப்பேசியை வெறுமையான எவர்சில்வர் டம்ளரில், ஒலிபெருக்கி உள்ளே பார்க்க நிறுத்துங்கள். சத்தம் எடுப்பாகும். காசு செலவில்லை, காலையில் அதே டம்ளரில் தண்ணீரும் குடிக்கலாம்.

பிறகுதான் ஒலியின் வகை. வயதானவர்களுக்குக் கீச்சென்ற உயர் ஒலி முதலில் மங்கும். தாத்தா பாட்டிக்கு "பீப் பீப்" கேட்காமல், வாசலில் லோரி உறுமினால் கேட்பது அதனால்தான். தாழ்ந்த, கனத்த, விட்டுவிட்டு வரும் ஒலியைத் தேர்ந்தெடுங்கள். தூங்கும் அறைகளுக்கான தீ எச்சரிக்கைக் கருவிகளில் 520 ஹெர்ட்ஸ் தாழ்வொலியைப் பயன்படுத்துவதும் இதே காரணத்துக்குத்தான். தூங்குபவரை அது நன்றாக எழுப்புகிறது. நெஞ்சை வருடும் புல்லாங்குழல் அலாரம் ஏற்கெனவே எழுந்துவிட்டவர்களுக்கு உகந்தது.

ஒலி, இடம், வகை மூன்றும் சரி, பகலிலும் பேச்சு சரியாகக் கேட்பதில்லை என்றால் செவித்திறன் சோதனைக்குப் போகலாம். காது மந்தமானவர்களுக்குத் தலையணைக்கு அடியில் வைத்து அதிர வைக்கும் தட்டுக் கடிகாரங்கள் கிடைக்கின்றன.

அறிகுறி: கேட்டது, கை தானாக அணைத்துவிட்டது

அதிகம் பேரைப் படுத்துவது இதுதான். பாதித் தூக்கத்தில் இருக்கும் கைக்கு அணைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். அதனால் கைக்கு எட்டாத இடத்துக்குக் கைப்பேசியை நகர்த்துவதே முதல் வேலை. படுக்கையிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி, அறை விளக்கின் சுவிட்சுக்குப் பக்கத்தில் வையுங்கள். அணைக்கப் போன கை விளக்கையும் போட்டுவிட வேண்டும். பெரும்பாலான கட்டில்கள் சுவருக்கும் சாக்கெட்டுக்கும் ஒட்டியே கிடப்பதால் "சார்ஜர் எட்டாது" என்று சாக்கு வரும். மூன்று மீட்டர் இணைப்புக் கம்பி வாங்குவதைவிட, கைப்பேசியை மாலையிலேயே சார்ஜ் செய்துவிடுவது மேல்.

தள்ளிவைத்தும் எழுந்து போய் அணைத்துவிட்டுத் திரும்பப் படுக்கிறீர்களா? அப்படியானால் குளியலறை வாசலுக்கு நகர்த்துங்கள். அங்கிருந்து கட்டிலைவிடக் குழாய் பக்கத்தில் இருக்கும்.

எத்தனை அலாரம் வைத்திருக்கிறீர்கள்? 5.00, 5.10, 5.15, 5.20, 5.30 என்று ஐந்து வைத்தால், முதல் நான்கும் பொய் என்று மூளை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும். ஐந்தாவதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடும். ஒன்று வையுங்கள், கடைசியாக எழுந்தே ஆக வேண்டிய நேரத்துக்கு வையுங்கள். தள்ளிப்போடும் பொத்தானையும் அமைப்பிலேயே அணைத்துவிடுங்கள். ஐபோனில் அது வழக்கமாக ஒன்பது நிமிடம். மூன்று முறை அழுத்தினால் 27 நிமிடம் போச்சு. அந்த 27 நிமிடத்தில் கிடைப்பது துண்டு துண்டான அரைத் தூக்கம். அந்த நேரத்தை முழுத் தூக்கமாகவே எடுத்துக்கொண்டு ஒரே முறை எழுவது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் அணைத்த நினைவே இல்லை என்றால், வீட்டில் அண்ணனோ அக்காவோ இருந்தால் அவரிடம் ஒரு வாரத்துக்கு ஒப்படையுங்கள். ஆனால் எழுப்புகிறவர் எங்கோ நின்று "டேய், மணி ஆறு" என்று குரல் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. விளக்கைப் போட்டு, உட்கார வைத்து, பதில் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

அறிகுறி: விழிப்பு வந்துவிட்டது, உடம்பு எழ மறுக்கிறது

விழித்ததும் 15 முதல் 30 நிமிடம் தலை கனப்பது இயற்கை. அந்தக் கலக்கம் தெளிய வெளிச்சமும் அசைவும் வேண்டும். இருட்டும் குளிரும் போர்வையும் சேர்ந்தால் அது நீளும். நம் ஊரில் வெளிச்சம் வானத்திலிருந்து வராது, நாம்தான் போட வேண்டும்.

வெளிச்சம்: மேசை விளக்கு ஒன்றில் 6500 கெல்வின் வெள்ளை எல்இடி பல்பு, 9 முதல் 12 வாட், போடுங்கள். ஹார்டுவேர் கடையில் 24 மணி நேர முள் டைமர் இருபது முப்பது வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும். டைமரைச் சாக்கெட்டில் செருகி, அதில் விளக்கைச் செருகி, எழும் நேரத்துக்குக் கால் மணி முன்பு எரியும்படி முட்களை அழுத்துங்கள். ஒரு முள் என்றால் வழக்கமாக 15 நிமிடம்.

விளக்கு சரியாக எரியவில்லையா? மூன்று இடத்தில் தவறு நடக்கும். எரியவே இல்லை என்றால் விளக்கின் சொந்தச் சுவிட்ச் அணைந்திருக்கும், அது எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். இரவு முழுக்க எரிகிறது என்றால் டைமரின் பக்கவாட்டுச் சுவிட்ச் "எப்போதும் எரி" பக்கம் இருக்கும், கடிகாரக் குறிக்கு மாற்றுங்கள். இரண்டும் சரி, ஆனால் தப்பான நேரத்தில் எரிகிறது என்றால் இடையில் மின்சாரம் போயிருக்கும். முள் டைமர் மின்சாரம் இல்லாதபோது நின்றுவிடும், எவ்வளவு நேரம் போனதோ அவ்வளவு பின்தங்கும். வட்டைத் திருப்பிச் சரியான மணிக்கு வையுங்கள். வைபை பிளக் வாங்கினால் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு தேவை. 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் திறந்திருக்கும் வீட்டில் அது சேராமல் அடம் பிடிக்கும்.

குளிர்: ஏர்கோனை 18ல் வைத்து இரட்டைப் போர்வையில் சுருண்டவர் எழுவது கடினம். வெளியே காலை வைத்தாலே சில்லென்கிறது. 25ல் வையுங்கள். எழுவதற்கு முக்கால் மணி முன்பு அணையும்படி ஆஃப் டைமரை அமைத்து, காற்றாடியை மெதுவாக ஓட விடுங்கள். அறை மெல்லச் சூடேறி, போர்வை தானாகத் தொல்லையாகிவிடும். மின் கட்டணத்திலும் கொஞ்சம் மிச்சம்.

முந்தின இரவின் கோப்பி, தே: கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாமாக் கடையில் இரவு பத்துக்குக் குடித்த தே தாரேக்கின் பாதி, அதிகாலை மூன்றுக்கும் உள்ளே இருக்கும். தூக்கம் வந்ததுபோல் தெரியும், ஆழம் இருக்காது. நம் கடைக் கோப்பியில் அதிகம் கலப்பது ரொபஸ்டா வகைக் கொட்டை. அராபிக்காவைவிட அதில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாலை மூன்றுக்கு மேல் நிறுத்திப் பாருங்கள், பத்தே நாளில் வித்தியாசம் தெரியும். காலைக் கோப்பி வேலை செய்ய இருபது முப்பது நிமிடம் எடுக்கும். அதைப் பசியாறும்போது குடிப்பதைவிட, குளிக்கப் போகும் முன் குடித்தால் புறப்படும் நேரத்துக்குள் தலை தெளியும்.

மருந்து: சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் குளோர்பெனிரமின் மாத்திரை மறுநாள் காலை வரை கண்ணை இழுக்கும். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போய், லொரட்டடின் போலத் தூக்கம் குறைவாக வரும் வகை உங்களுக்கு ஒத்துவருமா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். கேட்க எந்தக் கட்டணமும் இல்லை. மருத்துவர் தொடர்ந்து எடுக்கச் சொன்ன மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அறிகுறி: திங்கட்கிழமை மட்டும் விழிப்பு வராது

வெள்ளி, சனி இரவுகள்தான் காரணம். இங்கிலாந்து நம்மைவிட கோடையில் ஏழு மணி நேரம், குளிர்காலத்தில் எட்டு மணி நேரம் பின்னால். அங்கே மாலை எட்டு மணி காற்பந்து ஆட்டம் இங்கே அதிகாலை மூன்று அல்லது நான்கு. அதைப் பார்த்துவிட்டு ஞாயிறு பதினொன்றுக்கு எழுந்தால் ஞாயிறு இரவு பத்துக்குத் தூக்கம் எப்படி வரும்? விடுமுறை நாளில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் மட்டும் தாமதமாக எழுங்கள். மீதிக் கடனைப் பிற்பகல் மூன்றுக்கு முன் இருபது நிமிடக் குட்டித் தூக்கத்தில் அடையுங்கள். இருபது நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள், ஒரு மணி நேரம் போனால் இரவைத் தின்றுவிடும். ஆட்டத்தை விட முடியாதென்றால் மறுநாள் முழுப் பதிவைப் பாருங்கள், வாட்சாப் குழுவை மட்டும் அதுவரை திறக்காதீர்கள்.

அறிகுறி: இரவு ஷிப்ட் முடிந்து பகல் ஷிப்டுக்கு மாறிய வாரம்

கடைசி இரவு வேலை முடிந்ததும் கறுப்புக் கண்ணாடி போட்டு வீடு திரும்புங்கள், திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுங்கள், ஆனால் நண்பகலோடு எழுந்துவிடுங்கள். மாலை வெளிச்சத்தில் நடந்துவிட்டு இரவு பத்துக்குப் படுத்தால் மறுநாள் ஓரளவு ஓட்டலாம். கண் சொக்குகிறது என்றால் மோட்டாரை எடுக்காதீர்கள். பேக்டரி பஸ், அல்லது புறப்படும் முன் ஓய்வறையில் இருபது நிமிடத் தூக்கம். அட்டவணை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தால் உடம்புக்குப் பழக நேரமே கிடையாது. அதை மேற்பார்வையாளரிடம்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

அறிகுறி: இடைநிலைப்பள்ளிப் பிள்ளை எழவில்லை

பதின்ம வயதில் உடல் கடிகாரமே தாமதமாக ஓடும். பத்தரைக்கு முன் தூக்கம் வராதது பிடிவாதம் அல்ல. டியூசன் முடிய பத்து, வீட்டுப்பாடம் பதினொன்று, கைப்பேசி பன்னிரண்டு என்று போனால் ஐந்தரைக்கு எழுப்புவது சண்டையில்தான் முடியும்.

முதலில் கைப்பேசியை இரவு பத்துக்குக் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்பா அம்மாவின் கைப்பேசியும் அங்கேயே இருந்தால்தான் பேச்சு எடுபடும். அடுத்து, மேலே "உடம்பு எழ மறுக்கிறது" பகுதியில் சொன்ன டைமர் விளக்கைப் பிள்ளையின் அறையில் வையுங்கள். சீருடை இஸ்திரி, சப்பாத்து, பை எல்லாம் இரவே தயாராகிவிட்டால் பதினைந்து நிமிடம் கூடுதலாகத் தூங்க விடலாம். இதுவும் போதாமல் வகுப்பில் தூங்குகிறது என்று ஆசிரியர் சொன்னால், வாரத்தில் ஒரு டியூசனைக் குறைப்பதைப் பற்றி யோசியுங்கள். சின்னப் பிள்ளை வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கினால் காத்திருக்க வேண்டாம். அடினாய்டு அல்லது டான்சில் வீங்கியிருக்கலாம், காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும்.

அறிகுறி: மூன்று மணிக்கே விழிப்பு, ஐந்துக்குக் கண் அசந்து அலாரம் தவறுகிறது

மணி பார்க்காதீர்கள். பார்த்தால் "இன்னும் இரண்டரை மணிதான்" என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவீர்கள். இருபது நிமிடம் போல் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்புங்கள். இரவு மதுவும் இப்படி நடுவில் எழுப்பும். வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாக இப்படி என்றால் மருத்துவரிடம் போங்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பக்கத்து வீட்டுக்காரரின் தூக்க மாத்திரையில் பாதி வாங்கிப் போடுவது வேண்டவே வேண்டாம்.

இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுகிறீர்களா? தாகமும் இருந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். நம் நாட்டுச் சுகாதார ஆய்வுகளில் நீரிழிவு விகிதம் இந்தியர்களிடம்தான் அதிகம்.

அறிகுறி: எட்டு மணி நேரம் தூங்கியும் அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது

இங்கே அலாரத்தையும் ஏர்கோனையும் மாற்றிப் பயன் இல்லை. வீட்டில் இருப்பவரிடம் கேளுங்கள்: சத்தமாகக் குறட்டை வருகிறதா? நடுவில் மூச்சு நின்று, திணறி, மறுபடி வருகிறதா? தனியாகத் தூங்குபவர் கைப்பேசியில் ஒலிப்பதிவு போட்டுப் படுக்கலாம். காலையில் தலைவலி, வாய் வறட்சி, சிவப்பு விளக்கில் நிற்கும்போதே கண் மூடுவது, உயர் இரத்த அழுத்தம், 40 செண்டிமீட்டருக்கு மேல் கழுத்துச் சுற்றளவு ஆகியவையும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் என்ற சந்தேகம் வலுக்கிறது. எப்வொர்த் தூக்கக் கணக்கு என்று எட்டுக் கேள்விகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 புள்ளி. மொத்தம் பத்தைத் தாண்டினால் பகல் தூக்கம் அளவுக்கு மீறியது என்று பொருள்.

அரசு கிளினிக் கெசிஹாத்தானில் (சுகாதார கிளினிக்) குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. அங்கிருந்து மருத்துவமனையின் சுவாசப் பிரிவுக்கோ காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ கடிதம் வாங்கலாம். ஒரு இரவு கருவிகளை மாட்டித் தூங்க வைத்துச் சோதிப்பார்கள். நோய் உறுதியானால் காற்றழுத்த முகமூடிக் கருவி சில ஆயிரம் வெள்ளி ஆகும், ஆகவே சோதனை முடிவு கையில் இல்லாமல் இணையத்தில் வாங்கிவிடாதீர்கள். அதுவரை நீண்ட தூரம் வண்டி ஓட்ட வேண்டாம்.

குறட்டை இல்லையா? இரத்தச் சோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றுக்கும் இரத்தச் சோதனை கேளுங்கள். மாதவிடாய் அதிகமாகப் போகும் பெண்களுக்கு முதல் சந்தேகம் இரத்தச் சோகைதான்.

இரத்தம் சரி, தூக்கமும் சரி, ஆனால் எழுவதற்கே காரணம் தெரியவில்லை, பிடித்த எதிலும் நாட்டமில்லை, இரண்டு வாரமாக இப்படித்தான் என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதே கிளினிக்கில் அதையும் சொல்லலாம். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் 15555, அல்லது பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் 999க்கு அழையுங்கள், அல்லது யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது எதை எடுத்துப் போவது? இரண்டு வாரத்துக்கு ஒரு தாளில் படுத்த நேரம், தோராயமாகத் தூங்கிய நேரம், எழுந்த நேரம், கடைசிக் கோப்பி அல்லது தே குடித்த நேரம், போட்ட மாத்திரை ஆகியவற்றை எழுதுங்கள். குறட்டை ஒலிப்பதிவு இருந்தால் அதையும். "சரியாத் தூங்க முடியல டாக்டர்" என்பதோடு இந்தத் தாளையும் நீட்டினால், முதல் பத்து நிமிடக் கேள்விகள் மிச்சம்.